நாற்று அனுப்ப மாட்டேன்

ஆனைமலை

அன்புள்ள ராசு,

உன் கடிதம் இரண்டு மாதமாக என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி, தேங்காய் வெட்டு என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதில்லை. நீ கேட்ட ஐம்பது தென்னை நாற்றை அனுப்ப மாட்டேன் என்று எழுதக் கை வரவில்லை.

திட்டாதே, முழுசாகப் படி. 2018-ல் கஜா புயல் உன் பேராவூரணித் தோப்பைச் சாய்த்தபோது, நானே நாற்று தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். ஆனால் இங்கே இப்போது வாடல் நோய். 1882 வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தலைகாட்டியது, மெல்ல மெல்ல மலை தாண்டி வந்துவிட்டது. ஓலை தளர்ந்து விலா எலும்பு போல உள்ளே வளையும், மஞ்சளாகும், காய் குறைந்துகொண்டே போகும். மரம் சட்டென்று சாகாது, நம் கண் முன்னால் வருடக்கணக்கில் நிற்கும். குணப்படுத்த மருந்து இல்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் நோய் மரத்தில் சாறு குடித்துவிட்டு அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகின்றன. பதினொரு மரம் வெட்டினேன், ராசு. அப்பா நட்டவை. அன்று சாப்பிடவில்லை.

ஏற்கெனவே ஒரு தடவை நான் புத்தி கெட்டவன். மத்திய அமெரிக்காவின் சுருள் வெள்ளை ஈ 2016-ல் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் கரும்பூஞ்சணம் படிந்தபோது, பதறிப்போய் மருந்து அடித்தேன். ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதைத் தீர்க்கும் என்கார்சியா என்ற குளவியும் சேர்ந்து செத்தது. ஈ மறுபடி பெருகியது. அப்புறம்தான் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் ஈ ஒட்டிக்கொள்ள விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள் கட்டுவதும். தோப்பு முழுக்க மஞ்சள்! உன் ஹாஸ்டல் சட்டை ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

சரி, நாற்றுக்கு வருகிறேன். பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கின்றன. அதை நம்பி லாரியில் ஏற்றிவிட்டு, நாலு வருடம் கழித்து உன் ஓலை வளைந்தது என்று கேள்விப்பட என்னால் முடியாது. உனக்குப் பக்கத்திலேயே வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்களின் வேப்பங்குளம் 3 என்ற தென்னையும் நெட்டை ரகம்தான். போய்க் கேள்.

பெரியவள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம். வாழைத்தார், ஓலைக்கீற்று எதுவும் என்னிடம் எதிர்பார்க்காதே. செருப்பைக்கூடக் கழுவிவிட்டுத்தான் உன் தோப்புக்குள் வருவேன். சிரி, பரவாயில்லை.

உன்
சாமிநாதன்