அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மல்லிகா,

இங்கு அனைவரும் நலம். வெயில் வழக்கம்போல் வாட்டுகிறது. நம் தோழி சித்ராவும் வழக்கம்போல் உன் பழைய கதைகளைச் சொல்வதை விடவில்லை. பேச்சுப் போட்டி என்றாலே காய்ச்சல் கண்டுவிடும் நீ, சியாட்டிலில் குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் பேச உறுதிமொழி எடுத்திருக்கிறாய் என்பதை நம் கூட்டம் முழுவதற்கும் சொல்லியாகிவிட்டது. தம் முன் வரும் பிள்ளைகளைப் பற்றிப் போதிய விவரம் தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே என்று வருந்திய அந்நகர நீதிபதி டேவிட் சூகப், 1977இல் ஊர்மக்களையே தன்னார்வலர்களாக அழைத்த வரலாற்றை நீ எழுதியிருந்தாய். அதைப் படித்ததும், இங்கு நடந்து கொண்டிருப்பதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் செய்யும் வேலைக்குப் பெரிய பெயர் எதுவும் கிடையாது. ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில், ஆதரவற்ற பிள்ளைகளை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வருவேன். குழு கேட்டால் குறிப்பு எழுதித் தருவேன். இப்போது என் மனம் முழுவதும் ஓர் அக்காவும் தம்பியும்தான் இருக்கிறார்கள். அவளுக்கு 11 வயது, அவனுக்கு 7. பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது, தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன். பீடி சுற்றிக் காப்பாற்றிய பாட்டி பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், பெண் பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம் என்பதால் இருவரும் பிரிக்கப்பட்டார்கள்.

விசாரணை அறிக்கையில் தாய் இறந்தது, தந்தை இருக்குமிடம் தெரியாதது, வாடகை வீடு என எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அந்தப் பெண் என்னிடம் சொன்னவை அதில் இல்லை. தம்பிக்கு இடது காதில் சீழ் வடிகிறது, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் கேட்காது என்றாள். இரவில் பாயை நனைத்துவிடுவான், அதற்காகத் திட்டினால் மறுநாள் வாயே திறக்கமாட்டான் என்றாள். ரசத்தில் மிளகு தட்டுப்பட்டால் தட்டைத் தள்ளிவிடுவான் என்றாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இல்லத்தில் அவனைப் பிடிவாதக்காரன் என்று எழுதி வைத்திருந்தார்கள், மல்லிகா! காது கேளாத பிள்ளையை! அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். குழு அவனைக் காது மருத்துவரிடம் அனுப்பியது. சனிக்கிழமைகளில் இருவரும் சந்திக்க ஏற்பாடு செய்தது. தத்தெடுக்காமல், தற்காலிகமாக இருவரையும் சேர்த்து ஏற்கும் வளர்ப்புக் குடும்பத்தைத் தேடவும் சொன்னது.

உடன்பிறந்தவர்களை இயன்றவரை ஒரே குடும்பத்தில் வைக்க வேண்டும் என்றுதான் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவும் சொல்கிறது. குடும்பத்துக்கு எங்கே போவது? தத்துக்குக் காத்திருப்பதைவிட இது சுலபம் என்று எண்ணி வருகிறவர்கள் கைக்குழந்தை கேட்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள், அதுவும் இருவர் என்றதும் எழுந்துவிடுகிறார்கள். முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்டவர்களும் உண்டு. அவர்களிடம் மேற்கொண்டு பேச எனக்கு மனம் வருவதில்லை. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புக் குடும்பத்துக்குப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று சொன்னதும் சிலர் முகம் மலர்வது எனக்கு அச்சத்தைத் தருகிறது. பணத்துக்காக வளர்க்கிறார்கள் என்று ஊர் பேசுமே என நல்லவர்கள் ஒதுங்குவதோ அதைவிட வேதனையாக இருக்கிறது.

குடியாத்தம் பக்கம் ஒரு தம்பதி, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர்கள், இருவரையும் ஏற்க முன்வந்திருக்கிறார்கள். வீட்டைப் பார்த்து அறிக்கை தரும் வேலை இன்னும் முடியவில்லை. “பெத்த அப்பன் வந்து கேட்டா?” என்றார் அந்த அம்மா. அந்தத் தகப்பனிடம் ஒப்படைப்பதே பிள்ளைகளுக்கு நல்லது என்று குழு முடிவு செய்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றேன். நெடுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். “அதுவரைக்கும் என்னை அம்மான்னு கூப்பிடலாமா?” என்று கேட்டார். அது அந்தப் பிள்ளைகளின் விருப்பம் என்றேன். சரி என்றார். அந்தச் ‘சரி’யை நான் நம்புகிறேன்.

உனக்குக் கொடுத்த 30 மணி நேரத் தன்னார்வலர் பயிற்சியில், புது வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் முதல் நாள் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லவே கூடாது என்று கற்றுத் தந்தார்களா? தந்திருந்தால் அதை மட்டுமாவது உடனே எழுது; மற்ற கதைகள் மெல்ல வரட்டும். சித்ராவுக்கும் தனியாக நான்கு வரி எழுதிவிடு, என்னால் சமாளிக்க முடியவில்லை.

அன்புடன்,
சாந்தி