அம்மாவுக்கு வடம் விட்டுக் கொடுத்தவர்களுக்கு

திருவாரூர் தெற்கு வீதியில் தேரன்று எங்களுக்குத் திண்ணை கொடுத்த வீட்டாருக்கும், வடத்தில் இடம் விட்ட பிள்ளைகளுக்கும், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் பெரியவருக்கும், கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஐயாவுக்கும் வணக்கம். ஒருவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் ஊர் திரும்பிவிட்டோம். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிறந்தது திருவாரூரில்தான். ஆனால் அந்த ஊர்த் தியாகராசர் கோயிலின் ஆழித்தேர் ஓடிப் பார்த்ததாக அவருக்கு நினைவே இல்லை. சொன்னால் பலர் நம்புவதில்லை. 1926-ல் பழைய தேர் எரிந்துபோனது. அதற்குப் பின் செய்த புதுத் தேரும் 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுவிட்டது. அம்மாவின் சிறுவயது முழுக்க அது நின்ற தேர்தான். சக்கரத்து நிழலில் பாண்டி ஆடியதாகச் சொல்வார். 1970-ல் தேர் மறுபடி ஓடியபோது, பிறந்து இருபது நாளான என்னோடு வேறு ஊரில் கிடந்தார். "உன்னாலதான்டா போச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பங்குனியில் அழைத்துப் போனேன்.

போன இடத்தில், முன்பதிவு செய்திருந்த விடுதியில் அறை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். சரி, திரும்பிவிடலாம் என்று நின்றபோதுதான் "பாட்டியை இப்படி உட்கார வைங்க தம்பி" என்று ஒரு குரல். திண்ணை, விசிறி, சொம்பு நிறைய நீர்மோர். அந்த வீட்டு அம்மா எங்களை யார் எவர் என்று விசாரிக்கவே இல்லை.

தேர் திரும்பி வந்தது. 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் என்று படித்திருக்கிறேன். முனையில் திரும்பும்போதுதான் அந்தக் கணக்கு உறைக்கிறது. மேலே பாதிக்குமேல் மூங்கிலும் தேர்ச்சீலையும்தான், ஆனாலும் வீதியே சாய்கிற மாதிரி இருந்தது. பின்னால் புல்டோசர் தள்ளியது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. (எனக்கும்தான்.) முட்டுக்கட்டைப் பெரியவர் சிரித்தார். "இல்லேன்னா நிலைக்கு வர நாள் கணக்கா ஆகும் ஆத்தா." திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருந்தாலும், சக்கரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவர் கைக்கட்டைதான் தீர்மானிக்கிறது. சக்கரம் ஏறி இறங்கிய கட்டையின் முனை மென்று துப்பிய கரும்பு போல நைந்திருந்தது. அதிலிருந்து புகை வேறு.

தேர் நின்ற இடைவெளியில், கல்லூரிப் பிள்ளைகள் நான்கைந்து பேர் கைகோத்து வழி செய்து அம்மாவை வடத்தருகே கொண்டுபோனார்கள். "ஆரூரா! தியாகேசா!" என்று ஊரே கத்த, அம்மா வடத்தைப் பிடித்திருந்தது பத்தடி தூரம்கூட இருக்காது. தம்பிகளா, அன்று உங்களில் ஒருவர் செருப்பு தொலைந்தது. அதைக்கூட நீங்கள் சொல்லவில்லை, பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் ஓதுவார் ஐயாவைப் பார்த்தோம். அம்மா தேர் பார்த்த கதையைச் சொன்னதும், 7-ம் நூற்றாண்டிலேயே அப்பர் "ஆழித்தேர் வித்தகனை நான்கண்ட தாரூரே" என்று பாடியதைப் பண்ணோடு பாடிக் காட்டினார். அப்புறம் சுந்தரர் கதை. இந்த மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை வணங்காமல் போனவர் என்று விறன்மிண்டர் என்ற அடியார் கோபித்ததும், பின்பு "தில்லைவாழ் அந்தணர்" என்று இறைவனே அடியெடுத்துக் கொடுக்க, சிவனடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகை பிறந்ததும். பெயர் சொல்லி ஒவ்வொருவராக வணங்கிக்கொண்டு போன சுந்தரர், பெயர் தெரியாதவர்களையும் விடவில்லை: "அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்க்கும் அடியேன்." இந்த மடலை எழுதச் சொன்னதே அந்த வரிதான்.

முட்டுக்கட்டைப் பெரியவருக்கு ஒரு சேதி. நீங்கள் அம்மா கையில் வைத்த கட்டைச் சிராய், பூஜை அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. துடைக்கப் போனால் அம்மா விடுவதில்லை.