2 அட்டைப்பெட்டி பக்கிள்: தோல் ஏற்றுமதிக் கொள்கை வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஆம்பூர் பக்கத்தில் 40 மெஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு, செருப்பின் மேல்பாகமான அப்பர் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் வேலூர் கூட்டத்தில் உங்களில் ஒருவர், "கச்சாப் பொருள் விற்ற காலம் போய்விட்டது, இப்போது நாம் உற்பத்தி நாடு" என்றார். நானும் கைதட்டினேன். அன்றைக்கு என் ஷெட்டில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

காரணம் பக்கிள். பெண்கள் சாண்டலில் வாரைப் பக்கிளில் கோத்து மடித்த பிறகுதான் அடுத்த தையல் விழும். பக்கிள் சீனாவிலிருந்து வர வேண்டும். யாரிடம் வாங்குவது என்பதையும் செருப்பை வாங்கும் ஜெர்மனி பையரே எழுதிக் கொடுத்துவிட்டார். வெறும் 2 அட்டைப்பெட்டி, ஒரே ஆள் தூக்கிவிடலாம். அது துறைமுகத்தில் 11 நாள் கிடந்தது. பேரணாம்பட்டிலிருந்து வேனில் வரும் பெண்கள் முதல் 2 நாள் வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பீஸ் ரேட், தைத்தால்தான் கூலி. 3-ம் நாள் நானே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டப்பாவில் பசை காய்ந்து ஏடு கட்டியது. தாமதமான செருப்பை விமானத்தில் அனுப்பிய செலவில் ஒரு பங்கைக் கம்பெனி என் பில்லில் பிடித்துக்கொண்டது.

"உங்கள் ஊரில் இதே தரத்தில் செய்பவர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறோம்" என்றுதான் பையர் தரப்பில் சொன்னார்கள். பக்கிளின் முலாம், உடம்பில் படும்போது நிக்கல் கசிகிறதா என்று பார்க்கும் ஐரோப்பாவின் டெஸ்ட்டில் தேற வேண்டும். சொல்ல எனக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை.

ஆகவே கேட்கிறோம்: பக்கிள் வார்க்க, முலாம் பூச, லாஸ்டும் (செருப்புக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சு) சோல் மோல்டும் (அடிப்பாகம் வார்க்கும் அச்சு) செய்ய, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஒரு பொதுப் பட்டறை வேண்டும். இலவசமாக வேண்டாம், கூலி கொடுக்கிறோம்.

பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறியது. 1973-ல் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டீர்கள். செருப்புத் தொழில் இங்கே வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2025 பட்ஜெட்டில் வெட் ப்ளூ (குரோமியத்தில் பதனிட்ட ஈரத் தோல்) இறக்குமதிக்குச் சுங்க வரி போயிற்று, கிரஸ்ட் தோல் (பதனிட்டு உலர்த்தி, மேற்பூச்சு முடிக்காத தோல்) ஏற்றுமதிக்கு இருந்த 20% வரியும் போயிற்று. தோல் பதனிடும் சின்ன ஷாப்புக்காரர்களுக்கு நல்லதுதான், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பாதி வேலை முடிந்த தோல் சுலபமாக வெளியே போகிறது, பாதி வேலை முடிந்த தோல் சுலபமாக உள்ளே வருகிறது. மீதி வேலையைச் செய்கிற எங்களுக்கு என்ன வந்தது? லாஸ்ட் வெளியிலிருந்து, பக்கிள் வெளியிலிருந்து. 100% உள்நாட்டுத் தயாரிப்பு என்று தைரியமாகச் சொல்ல பாலாற்றங்கரையில் கிடக்கும் குரோமியக் கழிவு ஒன்றுதான் இருக்கிறது. தோல் கழிவைத் தடுக்கவும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 1996-ல்தான் தீர்ப்பு வந்தது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது அந்தப் பொதுப் பட்டறை ஒன்றைத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிரியாணிக்கு எப்படியும் ஆம்பூரில் வண்டி நிற்கும். அப்படியே என் ஷெட்டுக்கும் ஒரு நடை வாருங்கள். அந்த ஆர்டரில் மிஞ்சிய பக்கிள் 6 எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றைக் கையோடு கொண்டுபோய், இந்த மாவட்டங்களில் இதை யார் வார்த்துக் கொடுப்பார்கள் என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆம்பூர் பக்கத்து ஜாப் ஒர்க்காரன் ஒருவன்