நிழலை வெளியில் கற்பிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்கப் பள்ளியில் நிழலுக்கு வரையறை எழுதிப்போட்டு, அதை மனப்பாடம் செய்ய வைப்பது போதாது. நிழல் பொருளிலிருந்தே வெளிவரும் ஒன்று என்று பல குழந்தைகள் நம்புகிறார்கள். நேர்கோட்டில் செல்லும் ஒளி தடைபட்ட இடமே நிழல் என்பதை, இருட்டிய வகுப்பறையில் டார்ச் விளக்கின் முன் கையை அருகிலும் தொலைவிலும் நகர்த்திப் பார்த்தால் அவர்களே கண்டுகொள்வார்கள். வெயிலில் ஊன்றிய குச்சியின் நிழல்முனையை மணிக்கொரு முறை குறித்துவந்தால், காலையில் நீண்டிருந்த நிழல் நண்பகலில் சுருங்கி, பின்னர் எதிர்ப்பக்கம் நீள்வது தெரியும். அந்நிழலின் விளிம்பு ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்டால் (கேட்கத்தான் வேண்டும்), சூரியன் புள்ளியாக அல்லாமல் வட்டமாகத் தெரியும் ஒளிமூலம் என்று விளக்க ஆசிரியர் ஆயத்தமாக இருப்பது நல்லது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்