ஒருநாள் கருத்தரங்கு போதாது, வாராந்தப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் போதை ஒழிப்பு, குற்றத்தடுப்பு, சமாதானக் கல்வி என்ற பெயர்களில் நடக்கும் கருத்தரங்குச் செய்திகள் உங்கள் பிராந்தியப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. நோக்கம் நல்லது, அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் முந்நூறு பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டுப் போவதால் ஒரு சண்டையும் குறையாது, ஒரு பொடியனும் ஐஸ் என்ற போதைப்பொருளைத் தொடாமல் விடமாட்டான்.

இது எங்கள் அபிப்பிராயம் மட்டுமல்ல. போதைத் தடுப்புக்கான சர்வதேசத் தராதரங்களை ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றச்செயல்களுக்கான அலுவலகம் 2013இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்தது. விரிவுரையை மட்டும் நம்புவது, பயமுறுத்துவது, முன்னாள் பாவனையாளரைக் கூட்டிவந்து பேசவைப்பது, பொலிஸாரைக் கொண்டு பாடம் நடத்துவது ஆகியவற்றைப் பலன் தராத வழிகள் என்றே அது வகைப்படுத்துகிறது. பலன் கண்டவை என அது சொல்வது, பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள் நடத்துவதையும், பிள்ளைகள் தாங்களே செய்து பழகுவதையும், பின்வரும் ஆண்டுகளில் அதை மீட்டுவதையும்.

தரம் 9 மாணவனுக்கு ஐஸ் கூடாது என்று தெரியும். அவனுக்குத் தெரியாதது, ஒரே ஒழுங்கையில் இருக்கும் மூத்த பொடியன் "ஒருக்காப் பாரன்டா" என்று நீட்டும்போது மானம் போகாமல் எப்படித் தப்புவது என்பது. இதை 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் பழக்கலாம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் மூன்று தடவை வற்புறுத்த வேண்டும், மற்றவர் தன் வாயில் இயல்பாக வரும் மறுப்பு வசனம் ஒன்றைத் தேட வேண்டும். "நாளைக்கு மெட்ச் இருக்கு மச்சான்" என்பது வேலை செய்யும். "போதை உடலுக்குக் கேடு" என்பதை எந்தப் பிள்ளையும் நண்பனிடம் சொல்லாது. பிறகு இடம் மாறிச் செய்து, எந்த வசனம் இலகுவாக இருந்தது என்று வகுப்பே பேசட்டும். போதைப்பொருளின் மாதிரிகளைக் காட்டுவதும் பெயர்களை வரிசையாகச் சொல்வதும் வேண்டாம். அவை பயத்தை அல்ல, ஆவலைத்தான் கூட்டும்.

இதே முறையில் பாடசாலை மத்தியஸ்தத்தை, அதாவது பிள்ளைகளின் சண்டையைப் பயிற்சி பெற்ற பிள்ளைகளே பேசித் தீர்த்துவைப்பதை, நடத்தினால் பலன் கூடும். மத்தியஸ்தர்களாக இருபது, இருபத்துநான்கு பிள்ளைகள் போதும். தரம் 8, 9இலிருந்து எடுக்க வேண்டும். தரம் 11இல் எடுத்தால் பழகி முடியும்போது சாதாரண தரப் பரீட்சை வந்துவிடும். மாணவத் தலைவர்களை மட்டும் எடுப்பதுதான் வழமையான பிழை. "உனக்குச் சண்டை வந்தால் யாரிடம் சொல்லுவாய்?" என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையும் துண்டுக் கடதாசியில் இரண்டு பெயர் எழுதட்டும். வாங்கின் கடைசியில் இருக்கும் குழப்படிக்காரனின் பெயரும் வரும். அவனை நீக்கக் கூடாது. மற்றப் பொடியன்கள் அவன் சொன்னால்தான் கேட்பார்கள். பெண்பிள்ளைகள் பாதியாவது இருக்க வேண்டும்.

பயிற்சி மொத்தம் 12 முதல் 15 மணித்தியாலம், அதுவும் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலமாகப் பிரித்து. பாதிக்கு மேற்பட்ட நேரம் நடித்துப் பழகவே போக வேண்டும். ஓர் அமர்வில் இரண்டு மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். நடுவில் மேசை வேண்டாம், கதிரைகளைச் சுற்றிப் போட்டால் போதும். முதலில் இருவரிடமும் சம்மதம் கேட்டு, குறுக்கே பேசுவதில்லை, ஏசுவதில்லை, வெளியே சொல்வதில்லை என்ற மூன்றையும் ஒத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். ஒருவர் சொன்னதை மத்தியஸ்தர் தன் வாயால் திருப்பிச் சொல்லி "நீ சொன்னது இதுதானா?" என்று கேட்பார். "ஏன் செய்தாய்?" என்ற கேள்வி விசாரணையாகிவிடும். "என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? இனி என்ன நடந்தால் சரி?" என்ற மூன்றும் போதும்.

கடைசியில் எழுதும் உடன்பாட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இனிச் சண்டை பிடிக்க மாட்டோம்" என்று எழுதினால் அது ஒரு கிழமையும் நிற்காது. பட்டப்பெயர் சொன்னதற்காகச் சைக்கிள் ரியூப்பைக் குத்திய வழக்கு என்று வைத்துக்கொள்வோம். "வெள்ளிக்கிழமைக்குள் ரியூப்பை ஒட்டிக் கொடுப்பது, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இரண்டு கிழமைக்குச் சைக்கிள்களைக் கொட்டிலின் வெவ்வேறு பக்கத்தில் விடுவது" என்று எழுதினால் நிற்கும். ஒரு கிழமை கழித்தும் ஒரு மாதம் கழித்தும் அதே மத்தியஸ்தர்கள் விசாரிக்க வேண்டும்.

இந்த முயற்சியை அழிப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். அமர்வை அதிபரின் அறையில் வைத்தால் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். மத்தியஸ்தர்களின் குறிப்பை ஒழுக்காற்று ஆசிரியர் ஒருமுறை வாங்கிப் பார்த்தால் அடுத்த நாளிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். காலைக் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்கவைத்தால் பகை ரியூசன் வாசலுக்குப் போகும். பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் இடமாற்றத்தில் போனதும் எல்லாம் படுத்துவிடும். அதனால் பாடசாலைக்கு மூன்று ஆசிரியர்களைப் பயிற்ற வேண்டும்.

பிள்ளைகள் தொடவே கூடாதவையும் உண்டு: கத்தி, பிளேட், போதைப்பொருள், காசு பறித்தல், பாலியல் துன்புறுத்தல், பெரியவர் பிள்ளைக்குச் செய்யும் எந்தத் தீங்கும். இவை அன்றைக்கே அதிபருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் போக வேண்டும், அல்லது சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழைக்க வேண்டும். முதல் அமர்விலேயே இந்தப் பட்டியலை ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும்.

பயிற்றுநர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள், ஊரில் சொல்லும் இணக்கசபைகள், இங்கு இருக்கின்றன. இரு தரப்பும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணிக்கு அங்கு இடமில்லை. எல்லைக் கதியால் வேலி, வயல் வட்டைக்குள் புகுந்த மாடு, கைமாற்றுக் காசு என்று வெட்டுக்குத்து வரை போகக்கூடிய வழக்குகளைக் கேட்டுப் பழகிய மத்தியஸ்தர்கள் மாதம் ஒருமுறை வந்து பிள்ளைகளின் நடிப்புப் பயிற்சியைப் பார்த்துத் திருத்தினாலே போதும்.

பாடசாலைக்குள் மட்டும் செய்தால் கிழக்கில் பாதி வேலைதான் நடக்கும். இங்கு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும், செங்கலடியும் ஏறாவூரும், வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் அநேகமாக வேறு வேறு பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். அவர்கள் சந்திப்பது ரியூசனிலும் பஸ்ஸிலும் விளையாட்டு மைதானத்திலும்தான். சண்டை வருவதும் அங்கேதான். ஆகவே ரியூசன் நடத்துபவரையும் விளையாட்டுக் கழகத் தலைவர்களையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். சுற்றுப்போட்டிக்கு முன்பே, நடுவரின் தீர்ப்பை யார் கேள்வி கேட்கலாம், மைதானத்துக்குள் யார் இறங்கலாம் என்று இரு ஊர்க் கழகங்களும் எழுதிக் கையொப்பமிட்டால் பெரும்பாலான அடிதடி வராது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, யுத்தக் காலத்திலேயே தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைக் கிழமைக்குக் கிழமை ஒன்றாக இருத்தி வரையவும் கதை சொல்லவும் நடிக்கவும் வைத்தது. அப்போது முடிந்தது இப்போது முடியாதா?

வதந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் பிரச்சினை கிளம்பியது. சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றவர்களுக்குப் பயந்து, கேள்வி விளங்காமலே ஆமென்ற மாதிரிப் பதில் சொன்னார். அந்தக் காணொளி பேஸ்புக்கில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்பது பகுப்பாய்வில் பின்னர்தான் உறுதியானது. இந்தச் சம்பவத்தையே பாடமாக வைக்கலாம். வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவையும் படத்தையும் போட்டு, சொன்னவர் யார், எப்போது, நேரில் கண்டாரா, படம் எங்கே எடுத்தது என்று பிள்ளைகளையே தேடவிட வேண்டும். இரண்டாம் மொழிப் பாடத்தில் பரீட்சைக்கான இலக்கணத்தோடு, கடையிலும் சோதனைச் சாவடியிலும் பஸ்ஸிலும் "எனக்கு விளங்கவில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லவும் பழக்க வேண்டும்.

பாடசாலையை விட்டு விலகிய பொடியன்களுக்கு இவை எதுவும் எட்டாது. கட்டாயக் கல்வி வயது 16 என்று சட்டம் சொன்னாலும் அறுவடைக் காலத்தில் வயலுக்கும் தோணிக்கும் போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. வரவு நின்ற இரண்டாம் கிழமையே வீட்டுக்குப் போனால் திருப்பலாம், தவணை முடிந்து போனால் கடினம். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதென்றால் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கு முதலில் பஸ் நேரத்தையும் பயணக் காசையும் பாருங்கள். பாடநெறி பிடிக்காமல் விடுபவர்களைவிடப் போய்வர முடியாமல் விடுபவர்கள் அதிகம்.

வலயக் கல்விப் பணிமனைகளிடம் கேட்பது இதுதான்: வலயத்துக்கு மூன்று பாடசாலைகளில், வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியியல் கல்வியும் என்ற பாடத்தின் வேளையைப் பயன்படுத்தி, ஒரு முழு ஆண்டு செய்து பாருங்கள். உங்கள் செய்தியாளர்கள் அடுத்த கருத்தரங்குக்குப் போகும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, இரண்டாவது அமர்வு எப்போது, நடத்தப்போவது யார் என்று கேட்கட்டும். தொடங்குவதற்கு முன் ஒரு தவணைக்குச் சண்டைகள், இடைவிலகல்கள், பொலிஸுக்குப் போன முறைப்பாடுகள் மூன்றையும் ஒரு கொப்பியில் பதிந்துவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது.

இப்படிக்கு,
பாடசாலை மத்தியஸ்தப் பயிற்றுநர்கள் சிலர்,
களுவாஞ்சிகுடி, கல்முனை.