குரல் தேர்வுக்குப் போகும் பூம்பாறைத் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

கொடைக்கானல் வானொலியான கோடைப் பண்பலையில் பகுதிநேர அறிவிப்பாளர் குரல் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். “என் பேச்சில் மலை வாடை அடிக்கிறது, எடுப்பார்களா” என்றும் கேட்டிருந்தாய். முதலில் இந்தப் பயத்தை இறக்கி வை. சரோஜ் நாராயணசுவாமி மும்பையில் பிறந்து வளர்ந்தவர். டெல்லியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் நமக்குச் செய்தி வாசித்தார். அப்துல் ஹமீது கொழும்புக்காரர். இலங்கை வானொலியில் வளர்ந்த அவருடைய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி பிறகு சென்னைத் தொலைக்காட்சிக்கும் வந்தது. இருவருக்கும் பிறந்த ஊர் தடையாக இருக்கவில்லை. பேச்சில் ஊர் ராகம் இருப்பது குறையே இல்லை. எழுத்து மாறி ஒலிப்பதுதான் குறை. தேர்வாளர் காது அதைத்தான் தேடும்.

‘மலைச்சாலையில் மழையால் மண் சரிவு, வாழைகிரி வழியாக வரும் வாகனங்கள் நிறுத்தம்.’ இந்த ஒரு வரியைத் தடுமாறாமல் பத்து முறை சொல்லிப் பழகு. லகரமும் ழகரமும் அதில் மாறி மாறி வருகின்றன. மலைக்கும் மழைக்கும் வித்தியாசம் கேட்கவில்லையென்றால் இந்த ஊரில் அது வெறும் உச்சரிப்புப் பிழை அல்ல. காய்கறி வண்டி கிளம்பலாமா வேண்டாமா என்கிற கேள்வி. சொல்வதைச் செல்போனில் பதிவுசெய், ஆனால் உடனே போட்டுக் கேட்காதே. சொன்ன சூட்டில் கேட்டால் காது தானாகத் திருத்திக்கொள்ளும். மறுநாள் கேள். விழுந்த எழுத்து எது என்று அப்போதுதான் பிடிபடும்.

வேகத்தையும் அளந்துகொள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டி ஓடினால் வரியின் வால் விழுங்கப்படும். ‘நிறுத்தப்பட்டிருக்கிறது’ என்பது ‘நிறுத்தப்பட்ருக்கு’ ஆகிவிடும். ஐந்து நிமிட உரைக்கு ஐந்நூறு சொல்லுக்குள் எழுது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுது, பின் அடிக்காதே. படித்து முடித்த தாளைத் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்த்து. தாள் புரளும் சத்தம் மைக்கில் நெருப்புப் பற்றுவதுபோல் கேட்கும்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி போதும். நேராக ஊதாமல் சற்றே ஓரமாகப் பேசினால் ‘பழனி’, ‘பெரியகுளம்’ என்னும்போது ‘ப்’ என்று காற்று வெடிக்காது. நம் ஊர்க் குளிருக்கு நைலான் ஜெர்கின் போடாமல் யாரும் வெளியே வருவதில்லை. அதைக் கழற்றிவிட்டு உள்ளே போ. கையை அசைக்கும்போதெல்லாம் அது சரசரக்கும். கம்பளி ஸ்வெட்டர் பரவாயில்லை. கண்ணாடி வளையலையும் கழற்றிவிடு. ரூம் ஹீட்டரின் விசிறி ஓடினால் மைக் திறக்கும் முன் அணைக்கச் சொல். காலை ஒலிபரப்பு என்றால் அரை மணி நேரம் முன்பே வந்து வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகு. பனிக்காற்றில் நடந்து வந்த தொண்டையோடு நேரே உட்கார்ந்தால் முதல் அறிவிப்பே கரகரக்கும்.

நீ பேசப்போவது யாரிடம் என்பதையும் தெரிந்துகொள். கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்து ஊரிலிருந்து ஒலிக்கிறது. பண்பலை அலை கிட்டத்தட்டப் பார்வைக்கோடுபோல் நேராகப் போகும். அதனால் ஒலிபரப்பியின் வாட் எண்ணிக்கையைவிடக் கோபுரம் நிற்கும் உயரம் பெரிய காரியம் செய்கிறது. கணக்குப்படி அந்த உயரத்திலிருந்து வானொலி அலைக்கான அடிவானம் சுமார் 190 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி எல்லாம் அந்த வட்டத்துக்குள். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு மேட்டுக்கு மறுபுறம் பள்ளத்தில் இருக்கிற வீட்டுக்கு அலை இறங்காமல் போகலாம். ஆகவே ‘இங்கே நல்ல குளிர்’ என்று ஸ்டுடியோ ஜன்னலைப் பார்த்துச் சொல்லாதே. கேட்பவர்களில் பெரும்பாலோர் கீழே வெயிலில் இருக்கிறார்கள். ‘கொடைக்கானலில் குளிர்’ என்று ஊர் பெயர் சொல்.

டூட்டியில் பழக வேண்டியவற்றில் மிகக் கடினம் நேரக் கணக்கு. எட்டு மணிக்குச் செய்தி அஞ்சல், அதாவது வேறு நிலையத்துச் செய்தியை அப்படியே வாங்கி ஒலிபரப்புவது, என்று வைத்துக்கொள். கடிகாரம் 7:51:40. கையில் 8 நிமிடம் 20 வினாடி. இரண்டு பாட்டு, 4:10, 3:25. சேர்ந்தால் 7:35. மிச்சம் 45 வினாடியில் பாட்டு அறிவிப்பு இரண்டு, தலா 15, நிலையப் பெயர் 10, மூச்சுக்கு 5. தாளில் சரியாகத்தான் இருக்கிறது. கெடுவது வாயில். 15 வினாடி அறிவிப்பு 40 ஆகும், இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணம் வெட்டுப்படும். அதற்குப் பழைய கைகள் வைத்திருக்கும் வழி ஒன்று: இரண்டாவது பாட்டுக்குப் பதில் மூன்றரை நிமிடக் கருவியிசை ஒன்றை எடு. 7:56:20க்கு ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) திறக்காமலே ஓடவிடு. முன்னால் உள்ளவை எப்போது முடிந்தாலும் ஃபேடரை மெல்ல ஏற்று. இசை 7:59:50க்குத் தானே முடியும். நிலையப் பெயர் சொல்லப் பத்து வினாடி இருக்கும். எங்கே திறந்தாலும் உறுத்தாது என்பதால்தான் கருவியிசை. பாட்டை இப்படிப் பாதியில் திறந்தால் பல்லவி போன பாட்டாகிவிடும்.

கியூ ஷீட்டில், அதாவது அன்றைய நிகழ்ச்சி வரிசைத் தாளில், மாற்றம் வந்தால் அப்போதே லாக் புக் என்கிற பதிவேட்டில் எழுது, மணி நிமிடத்தோடு. மறுநாள் யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

தொலைபேசி நேரலையில் முதல் வாக்கியம் எல்லாருக்கும் மனப்பாடம்: “உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க.” குறைக்காவிட்டால் அவர் குரல் அவர் வீட்டு ரேடியோவில் பட்டுத் திரும்பி வந்து எதிரொலிக்கும். அடுத்தது ஊர் பெயர். கவுஞ்சி, கூக்கால், கிளாவரை, மங்களம்கொம்பு, பன்றிமலை என்று சொல்வார்கள். திருப்பிச் சொல், சரியாகச் சொல். தன் ஊர் பெயர் வானொலியில் பிழையாக ஒலித்தால் அந்த மனிதர் மறுபடி கூப்பிடமாட்டார். கடை பெயர், கட்சி பெயர் வந்தால் மென்மையாக வேறு பேச்சுக்குத் திருப்பு. அவருடைய செல் எண்ணைச் சொல்ல விடாதே.

இனி வருமானம். இதை மறைக்கக் கூடாது. பகுதிநேர அறிவிப்பாளருக்கு மாதம் ஆறு டூட்டிதான். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு தாண்டி, அகில இந்திய வானொலியின் ‘வாணி’ என்கிற அறிவிப்பாளர் பயிற்சியும் முடித்தாலும் இது நிரந்தர வேலை ஆகாது. வீட்டுப் பூண்டு வயலை விட்டுவிடாதே. விழா மேடைத் தொகுப்பு, விளம்பரக் குரல், டப்பிங் என்று பக்கத்தில் இரண்டு வேலை வைத்துக்கொண்டவர்களே இதில் நீடித்திருக்கிறார்கள்.

தொலைக்காட்சி அழைத்தால் போ. மெல்லிய கோடு போட்ட சேலை வேண்டாம், திரையில் நெளியும். பச்சைத் திரைக்கு முன் பச்சை கூடாது. சட்டை மைக் இருக்கும் இடத்தில் சங்கிலி தொங்கினால் ‘டக் டக்’ என்று தட்டும். காதுக்கருவியில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் வாக்கியத்தை முடிக்க வேண்டும். வீட்டில் செய்தி ஓடவிட்டு, வேறொன்றை வாய்விட்டுப் படித்துப் பழகினால் இரண்டு மூன்று வாரத்தில் கைவரும்.

தேர்வுக்கு முந்தைய இரவே கொடைக்கானல் வந்து தங்கிவிடு. பனி மூட்டத்தில் காலைப் பஸ்ஸை நம்ப முடியாது. எழுதிக் கொடுக்கும் பத்தியை முதலில் மனதுக்குள் ஒரு முறை படி. தெரியாத பெயர் இருந்தால் அப்போதே கேட்டுவிடு. கேட்டால் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தடுக்கினால் ‘மன்னிக்கவும்’ என்று ஒரே சொல், அந்த வரியை மறுபடி தொடங்கு, மேலே போ.

அன்புடன்,
உன் அண்ணன்