அடித்துப் போட்ட 11 வரி

யாங்கோன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நாடகக் குழுவை விட்டுவிட்டு இனிமேல் கதை மட்டும் எழுதப் போகிறாயாம். "நடிக்கிறது யாரோ எழுதினதை ஒப்பிக்கிறதுதானேப்பா, எழுத்துதான் நம்ம சொந்தச் சரக்கு" என்றாய். எழுது, நான் தடுக்க மாட்டேன். ஆனால் 'ஒப்பிக்கிறது' என்ற அந்த வார்த்தையை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நீ பிறப்பதற்கு முன்பு, யாங்கோனுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் என்ற ஊரில் ஒரு கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தேன். 1964-ல் கடைகளை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நம் சனங்கள் கப்பலேறிய கதை. அரசாங்கத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது, பிரிவு மட்டும்தான். கடைசிக் காட்சியில் மகன் மதராஸ் கப்பலுக்குப் போகிறான், அம்மா துறைமுகத்தில் நிற்கிறாள். அவளுக்கு 11 வரி வசனம். அதற்காக மூன்று ராத்திரி கண் விழித்தேன்.

அம்மா வேஷம் கட்டியவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன். பவுடர் தீர்ந்துபோய், கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த சாந்து பூசியிருந்தார். ஒத்திகையில் 11 வரியையும் பிசகாமல் சொன்னவர், மேடையில் வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாரென்று நினைத்து, படுதாவுக்குப் பின்னாலிருந்து முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை. அவர் கட்டுச்சோற்று மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். இன்னும் இறுக்கினார். "நேரத்துக்குச் சாப்பிடுய்யா" என்றார். அவ்வளவுதான். முன்னால் உட்கார்ந்திருந்த கிழவிகள், அந்தக் கப்பல்களில் ஆளை அனுப்பிவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தை என் நோட்டில் இல்லை, கண்ணு. அதை எழுதியது யார், சொல்லு.

எழுத்தின் பலம் வேறு. வெ. சாமிநாத சர்மா இங்கே ரங்கூனில் 1937 முதல் 1942 வரை 'ஜோதி' பத்திரிகையை நடத்தினார். ஜப்பான் சண்டையில் மனைவியோடு இந்தியாவுக்கு நடந்தே போனார். அந்த நடையைப் பின்னாளில் உட்கார்ந்து எழுதினார். பட்ட பாடு ஆறிய பிறகு, வார்த்தையைத் தேடி, பிடிக்காததை அடித்து எழுதலாம். நடிகனுக்கு அந்த அவகாசம் ஏது? எட்டு மணிக்குப் படுதா விலகினால் எட்டு மணிக்கே அழுகை வர வேண்டும். தப்பினால் திருத்த முடியாது. நன்றாக வந்தாலும் மறுநாள் எடுத்துக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. அந்த அண்ணன் செய்ததற்கு அந்தக் கிழவிகளும் நானும்தான் சாட்சி.

நீ அனுப்பிய கதையை இரண்டு முறை படித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பாட்டி பேசுகிற பக்கம் நீளம். எழுந்து நின்று, கையில் ஒரு பையை வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார். எங்கே பேச்சு வேண்டாம் என்று கைக்கே தெரிந்துவிடும். அது மேடை உனக்குக் கொடுத்த பழக்கம். அப்புறம், விலகுகிறேன் என்று குழுவில் இன்னும் சொல்லிவிடவில்லையே? கொஞ்சம் பொறு.

அம்மா பழைய பெட்டியைக் குடைந்து அந்த நோட்டை எடுத்துவிட்டாள். நாடகம் முடிந்த ராத்திரியே 11 வரியையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது. படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

அப்பா